ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு

தேர்தல் அறிவிப்பு வந்ததும் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி டீச்சர்களுக்கு முதுகுவலி வந்துவிடும். தேர்தல் பணியிலிருந்து தப்பிக்க டாக்டர் சீட்டுக்கு அலைவார்கள். நான் அலைந்ததில்லை. தாம்பரத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் நடத்துகிறேன். வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் பாடம் எடுத்துவிட்டு, அந்த ஒரு நாள் மட்டும் படுத்துக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கும். அதோடு, உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த வேலை பிடிக்கும். காரில் வந்து இறங்கியவரும் தண்ணீர் லாரி ஓட்டுகிறவரும் ஒரே வரிசையில் நின்று வியர்த்து வழிவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஒரு தேர்தலில் ஒரு மனிதர் தன் சீட்டோடு மனைவியின் சீட்டையும் சேர்த்து நீட்டினார். "அவளுக்குக் கால் வலி மேடம். நானே சேத்துப் போட்டுடறேன். எப்படியும் நான் போடறதுக்குத்தான் அவளும் போடுவா," என்றார். "அவங்க விரல்லதான் சார் மை வைக்க முடியும்," என்று திருப்பி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போய் ஆட்டோவில் அந்த அம்மாவைக் கூட்டிவந்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போகும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கணவர் சொன்ன சின்னத்தில் போட்டிருக்க மாட்டார் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். புரொபசர் சாரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மெஜாரிட்டிங்கற பேர்ல யாரோ உங்க வாழ்க்கையில கை வைக்கறதுக்கு நீங்களே க்யூல நின்னு பர்மிஷன் குடுக்கறீங்க. அதுக்கு மை வேற," என்றார்.

புரொபசர் சார் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். இரும்புலியூரில் இருக்கும் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அரசாங்கம் என்றாலே அவருக்கு ஆகாது. ஹெல்மெட் போடாததற்கு ஜி.எஸ்.டி. சாலையில் நிறுத்தினால், "என் தலை, என் ரிஸ்க்" என்று போலீஸ்காரரோடு அரை மணி நேரம் வாதாடுவார். வாதாடி முடித்து, அபராதத்தையும் ஒழுங்காகக் கட்டிவிட்டு வருவார். எங்கள் தெருப் பள்ளங்களைப் பற்றி யாராவது புலம்பினால் அவருக்குக் கொண்டாட்டம். "ரோடு எல்லாருக்கும் சொந்தம்னா யாருக்கும் சொந்தமில்லைன்னு அர்த்தம். தனியார்கிட்ட குடுத்துப் பாருங்க," என்று ஆரம்பித்துவிடுவார். அரசியலுக்கு வெளியே அவரைப் போல நல்ல மனிதரைப் பார்ப்பது கஷ்டம். பொய் சொல்ல மாட்டார், யாரையும் காக்க வைக்க மாட்டார், சங்கத்தின் செலவில் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார்.

அவருடைய கொள்கை சுருக்கமானது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நாலு பேர் சேர்ந்து இருக்க வேண்டுமானால் நாலு பேரும் மனசார ஒப்புக்கொண்டு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். போட்ட பிறகு மீறக் கூடாது. எங்கள் குடியிருப்பின் விதிகளை அவர் அப்படித்தான் எழுதினார். விதியை மாற்றவோ, ஒரே ஒரு தடவை தளர்த்தவோ கூட எல்லா வீடுகளும் சம்மதிக்க வேண்டும். மெஜாரிட்டி கிடையாது. "பத்துப் பேர் சேந்து ஒருத்தரை அமுக்கற கதை இங்க நடக்காது," என்று பெருமையாகச் சொல்வார். எல்லோரும் கைதட்டி, கையெழுத்தும் போட்டோம். சரியாகச் சொன்னால், வீட்டு உரிமையாளர்கள் போட்டார்கள்.

ஓட்டெடுப்பு நடப்பது வாட்ஸ்அப் குழுவில். ஒரு வீட்டுக்கு ஒரு எண், ஒரு ஓட்டு. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருடைய எண்தான் குழுவில் இருக்கும். எங்கள் வீடு என் கணவர் பேரில் இருக்கிறது. அவர் மஸ்கட்டில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், வருஷத்துக்கு ஒரு முறைதான் வருவார். ஊரில் இருக்கிற எனக்கு ஓட்டில்லை. கடல் தாண்டி இருக்கிற அவருக்கு உண்டு. பிள்ளைகளுக்கு வயது வந்தோர் வாக்குரிமையைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற எனக்கு, இத்தனை வருஷத்தில் இது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. தண்ணீர் லாரி, லிஃப்ட் என்று நாளெல்லாம் டிங் டிங் என்று அடிக்கிற குழு. அந்தத் தொல்லை அவரோடு போகட்டும் என்றுதான் இருந்தேன்.

அவரோ அதில் வெகு தீவிரம். விதியைத் தளர்த்தச் சொல்லி யார் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் போடுவார். லிஃப்டில் நாய் ஏற்றலாமா? இல்லை. மொட்டை மாடியில் பிறந்தநாள் விழா வைக்கலாமா? இல்லை. காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போட்டுவிட்டு, ராத்திரி என்னிடம் பெருமையாகச் சொல்வார். "ரூல்னா ரூல்தான். இங்கல்லாம் அப்படித்தான்," என்பார். அந்த ஊர் ஒழுங்கை இரும்புலியூருக்குக் கொண்டுவருகிற பொறுப்பு தன் தலையில்தான் இருக்கிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

புரொபசர் சாரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் கட்டடம் நிற்கிற மனை அவருடைய அப்பா பயிர் வைத்த நிலம். அப்பா போன பிறகு தம்பி அதை பில்டரிடம் கொடுத்தார். பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்று அக்காவுக்கு. பத்திரம் புரொபசர் சார் பேரில்தான் பதிவானது. அக்காவிடம் அதைப் பற்றி ஒரு நாள் கேட்டதற்கு, "யார் பேர்ல இருந்தா இன்னா டீச்சர், உள்ள தூங்கறது நான்தான," என்றார். கணவருடைய கொள்கைகளை அக்கா வைத்து வாங்குவார். "இவருக்கு கவர்மென்ட் வோணாம், போலீசு வோணாம், கோர்ட்டு வோணாம். காப்பி மட்டும் டயத்துக்கு வந்துடணும்," என்பார். புரொபசர் சார் அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே, "அது நமக்குள்ள இருக்கற ஒப்பந்தம்," என்பார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை.

கையெழுத்துப் போட்ட விதிகளில் ஒன்பதாவது சாவைப் பற்றியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. குடி வந்த புதிதில் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வெளிநாட்டிலிருந்து மகன் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்து வாசலிலேயே கிடத்தியிருந்தார்கள். மேளம், பட்டாசு, ஷாமியானா, வெளியே எடுக்க முடியாமல் நின்ற கார்கள். எதிர்வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண் பயந்துபோய் அழுதாள். எல்லாம் முடிந்த பிறகு குழுவில் நாக்கூசும் சண்டை நடந்தது. அப்போதுதான் புரொபசர் சார் அந்த விதியை எழுதினார்: இறந்தவர் உடலை வளாகத்துக்குள் கொண்டுவரக் கூடாது. மருத்துவமனையிலிருந்து நேராக மயானத்துக்கு எடுத்துச் செல்லலாம். ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாம் சம்மதித்தன. விடுமுறையில் வந்திருந்த என் கணவரும் போட்டார். நாங்கள் கிறிஸ்தவர்கள். இறந்தவரை வீட்டில் வைத்து ஜெபம் செய்துவிட்டுத்தான் கோவிலுக்கு எடுத்துப்போவோம். "நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆனா?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு," என்றார்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புரொபசர் சார் கட்டிலை விட்டு நகரவில்லை. கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார், கட்சி, அரசாங்கம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் பள்ளி விட்டதும் போய் உட்கார்வேன். ஒரு நாள் அவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இவரு ரூலு பேசுவாரு. என்னை நேரா சுடுகாட்டுக்கு இட்டுனு பூடுவாரு. எங்க ஜனத்துல பொம்பளைங்க அங்க வர மாட்டாங்க. நான் வூட்டுக்கு வரலைன்னா என் சித்திங்க, தம்பி பொண்டாட்டி, நீ, ஒருத்தரும் என்னைப் பாக்க முடியாது. ஒரு மணி நேரம் போதும். என் ஹால்ல, ஃபேனுக்குக் கீழ போடுங்க. மஞ்சா பூசி, பூ வெச்சு, பொம்பளைங்க நீங்கதான் என்னை அனுப்பணும். நீ பேசுவியா?"

"நான் பேசறேன்க்கா," என்றேன். அப்போது அது எனக்கு ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. சொந்த மனைவி விஷயத்தில் எந்த மனிதர் விதி பார்ப்பார் என்று நினைத்தேன்.

விடியற்காலையில் உயிர் போனது. நானும் பக்கத்தில் இருந்தேன். புரொபசர் சார் அழவில்லை. வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். உறவுக்காரர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நான் அக்காவின் தம்பிக்குச் சொன்னேன், பள்ளிக்குச் சொன்னேன். என் கணவருக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்து ராத்திரி கூப்பிடுவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காகிதமெல்லாம் முடிந்து கீழே இறங்கும்போதுதான், "சார், வீட்டுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"சம்மதம் கேட்டிருக்கேன் டீச்சர். எல்லாரும் சரின்னா வீட்டுக்கு," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற தாயோ கட்டிய மனைவியோ போய்ச் சேர்ந்த அந்த நேரத்தில் யாராவது வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைப்பார்களா? இவர் வைத்திருந்தார். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். யார் இதற்கு மாட்டேன் என்று சொல்லப்போகிறார்கள்? ஆம்புலன்ஸ் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மனதுக்குள் ஹாலைக் கூட ஒழுங்குபடுத்திவிட்டேன். சோபாவைச் சுவரோரம் தள்ள வேண்டும், டீப்பாயைப் படுக்கையறையில் போட வேண்டும் என்று.

எங்கள் கேட்டுக்கு முன்னால் அக்காவின் தம்பி ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். சித்திகள், தம்பி மனைவி, கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த உறவுப் பெண்கள் என்று ஒரு கூட்டம். குடியிருப்புக்காரர்களும் பாதிப் பேர் இறங்கி வந்திருந்தார்கள். கேட்டின் தடுப்புக் கட்டை இறங்கியே இருந்தது. ஆம்புலன்ஸ் நின்றது. புரொபசர் சார் முன்சீட்டிலிருந்து இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வீடு சம்மதிக்கலை," என்றார்.

"யாரு மாமா அது? பேரைச் சொல்லு, நான் போய் பேசறேன்," என்றார் தம்பி.

"சொல்ல மாட்டேன். அது அவங்க உரிமை."

சொல்லவேண்டிய தேவையே இல்லை. எங்கள் தேர்தலில் திரை கிடையாது, குழுவில் இருக்கிற யார் தட்டினாலும் யார் எதற்குப் போட்டார்கள் என்று தெரியும். இரண்டாவது மாடிப் பெண் தன் கணவரின் செல்போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதை என் கையில் கொடுத்தாள்.

'விதி எண் ஒன்பதுக்கு இன்று ஒரு முறை மட்டும் தளர்வு. சம்மதமா?' கீழே ஆம், இல்லை. ஆம் என்பதற்கு எதிரே எல்லோருடைய முகங்களும் வரிசையாக இருந்தன. இல்லை என்பதற்கு எதிரே ஒரே ஒரு முகம். மஸ்கட் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிற என் கணவர். போன விடுமுறைக்கு நான் பிடித்துக் கொடுத்த போட்டோ அது.

செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸுக்குள் அக்கா கிடக்கிறார். பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். மறித்துக்கொண்டு நிற்பது என் வீடு. சுற்றி நின்ற பெண்கள் என்னையே பார்ப்பது போலிருந்தது. பார்த்தார்களோ என்னவோ, எனக்குத் தலை நிமிரவில்லை.

என் கணவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. அவர் வேலை செய்கிற இடத்துக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இனி சாப்பாட்டு வேளைக்குத்தான் அது அவர் கைக்கு வரும். காலையில் பஸ்ஸில் போகும்போது வழக்கம் போலத் தட்டியிருக்கிறார். விதி எண் ஒன்பது எது என்று அவருக்கு எங்கே ஞாபகம்? யார் இறந்தார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் வாய்வழியாகத் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

"சார், ஏன் சார் அக்கா பேரைப் போடலை?" என்று கத்தினேன்.

"பேரைப் போட்டா எல்லாரும் என் முகத்துக்காக சரிம்பாங்க. அது சம்மதம் இல்ல டீச்சர், அது நிர்ப்பந்தம்," என்றார். அவர் குரல் நடுங்கியது. அந்த நிலையிலும் யாரையும் நிர்ப்பந்தப்படுத்திவிடக் கூடாது என்று வார்த்தை பொறுக்கி எழுதியிருக்கிறார் இந்த மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் செல்போனைப் பிடுங்கி எதிரே இருந்த வாய்க்காலில் எறிந்திருப்பேன்.

"அது என் வீட்டு ஓட்டு. நான் சொல்றேன், சம்மதம். இதோ, எல்லார் முன்னாலயும் சொல்றேன். கட்டையைத் தூக்கச் சொல்லுங்க."

"ஒப்பந்தம் அவரோட. அவர் போட்டதை மாத்தி நீங்க போட முடியாது." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "பூத்ல ஒருத்தர் பொண்டாட்டி சீட்டையும் சேத்து நீட்டினப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. நியாயமாகத்தான் கேட்டார்.

தம்பி பொறுமை இழந்தார். "இன்னா மாமா பேஜாரு பண்ணினுகிற? எங்கப்பன் நெலம் இது. எங்கக்கா பொறந்து வளந்த எடம். அவளை உள்ள விடறதுக்கு ஊர்ல கீறவன்லாம் ஓட்டுப் போடணுமா? தள்ளுடா அந்தக் கட்டையை," என்று கூட வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். குடியிருப்புக்காரர்கள் ஒருவர் கூடத் தடுக்கவில்லை. "கொண்டு வாங்க சார், யார் கேக்கப்போறாங்க," என்றுதான் சொன்னார்கள். கேட்டுக் காவலாளி கட்டையைத் தூக்குகிற பொத்தானில் கையை வைத்துக்கொண்டு புரொபசர் சாரையே பார்த்தான்.

அவர் போய்க் கட்டைக்கு முன்னால் நின்றுகொண்டார். அறுபது வயதுக்கு மேலான, இரண்டு ராத்திரி தூங்காத மனிதர். "உடைக்கணும்னா உடைங்க. என்னால தடுக்க முடியாது," என்றார். "இத்தனை வருஷம் ஒவ்வொருத்தர் கேட்டப்பவும் முடியாதுன்னு சொன்னவன் நான். நேத்து வரைக்கும் சொன்னேன். இன்னிக்கு என் பொண்டாட்டிங்கறதால மீறினா, நாளைக்கு யாரையும் எதுவும் கேக்க எனக்கு வாய் இருக்காது."

"நாளைக்கு உங்களுக்கு வாய் இருந்து என்ன சார் ஆகப்போகுது?" என்றேன். அழுகையில் எனக்கே நான் பேசியது சரியாகக் கேட்கவில்லை. "ஒரு மணி நேரம் கேட்டாங்க சார். உங்ககிட்ட கேட்டா ரூல் பேசுவீங்கன்னு என்கிட்ட கேட்டாங்க."

அவர் முகம் அப்படியே வெளுத்துப்போனது. இது அவருக்குத் தெரியாது. அக்கா அவரிடம் கேட்கவே இல்லை. ஆம்புலன்ஸின் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் கட்டையை விட்டு நகரவில்லை.

ஆம்புலன்ஸ் டிரைவர், "அடுத்த கேஸ் வெயிட்டிங்ல கீது சார், எங்கனா எறக்கிக்குங்க," என்றார். தம்பி சுற்றுமுற்றும் பார்த்தார். மாமாவைத் தள்ளிவிட்டு உள்ளே போக அவருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் சித்திகளில் மூத்தவர்தான், "ரோட்ல போடுடா. ரோடு எவன் வூடும் இல்ல," என்றார்.

அப்படித்தான் அக்காவை எங்கள் கேட்டுக்கு எதிரே, தார்ச்சாலையில், வாய்க்கால் ஓரமாக இறக்கினோம். தெருமுனை ஷாமியானாக்காரர் ஓடிவந்து நாலு கம்பை நட்டுத் துணியைக் கட்டினார். டீக்கடையிலிருந்து பெஞ்சுகள் வந்தன. கண்ணுக்கெதிரே மூன்றாவது மாடியில் அக்காவின் ஜன்னல். துவைத்த நைட்டி இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாலையை அடைத்துவிட்டார்கள் என்று யாரோ போலீசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் காவலர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். போச்சு, இங்கேயும் விடமாட்டார்கள் என்று எனக்குத் திக்கென்றது. அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். "வீடு எது?" என்று கேட்டார். யாரோ கையைக் காட்டினார்கள். ஏன் உள்ளே வைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. இதுபோல வேறு குடியிருப்புகளிலும் பார்த்த அனுபவம் இருந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் போய் இரண்டு தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்து தெருவின் இரண்டு முனையிலும் வைத்தார். "ரெண்டு மணிக்குள்ள எடுத்துடுங்கம்மா," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் லாரிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். புரொபசர் சார் அவரைப் பார்த்துக் கும்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

பெண்கள் நாலு பக்கமும் புடவைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். அதற்குள் வைத்து அக்காவுக்கு மஞ்சள் பூசினோம். மேலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தது எங்கள் குடியிருப்புப் பெண்கள்தான். தம்பி மனைவி பட்டுப் புடவை கட்டிவிட்டாள், நான் தலை வாரிப் பூ வைத்தேன். பெரிதாகக் குங்குமப் பொட்டு வைத்தோம். மறைப்புக்கு வெளியே பைக்குகள் ஹார்ன் அடித்தன. ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். புரொபசர் சார் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

வாய்க்கரிசி போட ஆரம்பித்தார்கள். சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி, குனிந்து, அரிசி போட்டார்கள். நானும் போட்டேன். புரொபசர் சாரும் போட்டார். பிறகு முகத்தை மூடினார்கள். சங்கு ஊதினார்கள். அப்போதுதான் என் செல்போன் அடித்தது.

"என்ன, அத்தனை தடவை கூப்பிட்டிருக்க? பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் என் கணவர். வீடியோவைப் போட்டுச் செல்போனைத் திருப்பிக் காட்டினேன். சாலை, ஷாமியானா, பூ, பின்னால் எங்கள் கேட்.

"யாரு? ஏய், யாரு அது?"

"அக்கா," என்றேன். "நீங்க 'இல்லை'ன்னு போட்டீங்கல்ல, அது அக்காவுக்குத்தான்."

"ஐயோ," என்றார். "ஐயோ, யாருக்குன்னே போடலையே. நான் யாரோ பார்ட்டி வைக்கக் கேக்கறாங்கன்னு..." அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அழைப்பு அறுந்துபோனது.

தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தார்கள். புரொபசர் சாரின் சட்டைப் பையில் செல்போன் டிங் என்றது. பழக்கதோஷத்தில் எடுத்துப் பார்த்தார். எழுந்து நின்றார். "இருங்க," என்றார். பிறகு சத்தமாக, "இருங்க! இருங்க!" என்று கத்திக்கொண்டே கேட்டுக்கு ஓடினார். "தூக்குப்பா கட்டையை! எல்லாரும் சம்மதிச்சிட்டாங்க. எல்லாரும்!"

கட்டை மேலே போனது. அவர் திரும்ப ஓடிவந்து மூடிய முகத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் மனைவியைப் பேர் சொல்லிக் கூடக் கூப்பிடாத மனிதர். செல்போனை அந்த வெள்ளைத் துணிக்கு நேரே காட்டினார்.

"பாரும்மா, எல்லாரும் சரின்னுட்டாங்க. இப்ப ரூல்ல இடம் இருக்கு. எழுந்து வா, வீட்டுக்குப் போலாம்."

சுற்றி நின்றவர்கள் விக்கித்துப்போனார்கள். பெரிய சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "வாய்க்கரிசி போட்ட பொறவு உள்ள இட்டுனு போகக் கூடாது சாமி," என்றார். அத்தனை நேரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த தம்பி, அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"மாமா, நேரமாச்சு. விடு."

"அஞ்சு நிமிஷம்ப்பா," என்று கெஞ்சினார் அவர். "உள்ள கொண்டுபோய் ஃபேன் போட்டுட்டு வந்துடலாம். அஞ்சே நிமிஷம். டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர்."

நான் பேசுகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவரைப் பார்த்தேன். எனக்கு வாயே வரவில்லை. ஆட்கள் தூக்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் நடந்தார்கள்.